மேடையில் அறிவித்ததும் கைக்கு வந்ததும்: ஒரு தங்கப் பதக்கத்துக்குப் பிந்தைய 26 மாதங்கள்

இதில் வருகிறவர்கள் எல்லாரும் இன்னும் விளையாட்டுத் துறையில்தான் இருக்கிறார்கள். அதனால் பெயர், ஊர், நாடு, போட்டி எதையும் குறிப்பிடவில்லை. தொகைகளையும் நாணயக் கணக்கில் சொல்லவில்லை. அறிவிக்கப்பட்ட மொத்தப் பரிசுத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றதை அதற்கு ஏற்பச் சொல்கிறேன். பரிசு விவகாரம் குழம்பிப்போய், அதைச் சரிசெய்ய வெற்றிக்குப் பிறகு நான்காம் மாதம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் நானும் ஒருவன்.

பின்னணி

வெற்றி பெற்றபோது வீராங்கனைக்கு வயது 23. பளுதூக்குதலுக்கு வந்தது 12 வயதில். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர், பின்கட்டில் இருந்த தகரக் கொட்டகையில் ஏழு வருடம் கற்றுக்கொடுத்தார். 19 வயதில் தேசியப் பயிற்சி முகாமுக்குத் தேர்வாகி, தலைமைப் பயிற்சியாளரிடம் நான்கு வருடம் பயிற்சி. உலக அளவிலான ஒரு போட்டியில், பளுவைத் தோளுக்கு ஏற்றி அங்கிருந்து தலைக்கு மேல் தூக்கும் க்ளீன் அண்ட் ஜெர்க் பிரிவின் மூன்றாவது முயற்சியில், அதாவது கடைசி வாய்ப்பில், பாரை, அதாவது பளு மாட்டிய கம்பியை, தலைக்கு மேல் நிறுத்தித் தங்கம் வென்றார். அந்த விளையாட்டில் நாட்டுக்கு அதுதான் முதல் தங்கம்.

அன்றிரவே அறிவிப்புகள் ஆரம்பித்துவிட்டன. மத்தியில் ஒன்று, மாகாணத்தில் ஒன்று, விளையாட்டுச் சங்கத்திலிருந்து ஒன்று, இரண்டு தனியார் நிறுவனங்கள், அப்புறம் ஒரு வீடு, ஓர் அரசு வேலை. மொத்தம் ஏழு அறிவிப்புகள். முந்தையவர் சொன்ன தொகையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் அடுத்தவர் சொன்னார். பதக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதிவைத்த விதி ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அது பல வருடம் பழையது, தொகையும் மிகச் சிறியது. யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பின்னால் வந்த அத்தனை சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அதே பயிற்சி அரங்கில் ஒரு மாற்றுத்திறனாளி வீரரும் இருந்தார். பாரா பவர்லிஃப்டிங், அதாவது பலகையில் மல்லாந்து படுத்துப் பளுவை மார்பிலிருந்து மேலே தள்ளும் விளையாட்டு. ஐந்து வாரம் கழித்து அவரும் அவருடைய பிரிவில் உலகத் தங்கம் வாங்கி வந்தார். நம் 100 கணக்கில் அவருக்கு அறிவிக்கப்பட்டது 6.

நாங்கள் பார்த்தது

குழு முதலில் போனது அலுவலகத்துக்கு அல்ல, அரங்குக்கு. அன்றைக்குத்தான் வீராங்கனை ஊர்வலங்களும் விழாக்களும் முடிந்து பயிற்சிக்குத் திரும்பியிருந்தார். தலைமைப் பயிற்சியாளர் எங்களைக் கண்டுகொள்ளாமல், "கையைக் காட்டும்மா" என்றார். அவர் தயங்கித் தயங்கிக் கையை விரித்தார். வருடக்கணக்காக இரும்பைப் பிடித்து விரல்களின் அடியில் ஏறியிருந்த காய்ப்பு மெத்தென்றாகி, இரண்டு இடங்களில் உரிந்திருந்தது. பளுதூக்குகிறவருக்கு அந்தக் காய்ப்புதான் கவசம். அது போன கையோடு மறுபடி பாரைப் பிடித்தால் சதை கிழியும். பயிற்சியாளர் ஒன்றும் பேசவில்லை. கை வழுக்காமல் இருக்கப் பூசும் மக்னீசியப் பொடி டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "இன்னிக்கு வெறும் குந்துப் பயிற்சிதான்" என்று சொல்லிப் போய்விட்டார்.

பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டினோம். வெற்றிக்குப் பிந்தைய 90 நாளில் 41 பாராட்டு விழாக்கள். பயிற்சி நடந்தது 19 நாள். உடல் எடை அவருடைய எடைப்பிரிவைவிட 4 கிலோ கூடியிருந்தது.

அதைவிடக் கவலை தந்த விஷயம் ஒன்று தற்செயலாக வெளியே வந்தது. உயர்மட்ட வீரர்களில் ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருப்பவர்கள், ஒவ்வொரு நாளும் ஒரு 60 நிமிட நேரத்தைக் குறிப்பிட்டு, அப்போது எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே பதிவுசெய்தாக வேண்டும். ஊக்கமருந்துச் சோதனை அதிகாரி அந்த நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால், மருந்தே தொடாதவராக இருந்தாலும் அது விதிமீறல். இரண்டு வருடம் வரை தடை வரும். இவர் காலை 6 முதல் 7 மணி, பயிற்சி விடுதி என்று பதிந்திருந்தார். வேறொரு நகரத்தில் விழா என்று முந்தின நாள் இரவுதான் தகவல் வந்திருக்கிறது. விடிகாலை 4 மணிக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதிகாரி வந்தார், ஒரு மணி நேரம் காத்திருந்தார், குறிப்பு எழுதிக்கொண்டு கிளம்பினார். மூன்று வாரம் கழித்து அதே கதை மறுபடியும். கைப்பேசிச் செயலியில் இடத்தை மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அரைத்தூக்கத்தில், வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டி நிற்கும்போது, அந்த ஒரு நிமிடம் யாருக்கும் தோன்றவில்லை.

ஆக, இன்னொரு முறை தவறியிருந்தால், நாட்டின் முதல் தங்கத்தை வாங்கி வந்தவர் பாராட்டு விழாவுக்குப் போன குற்றத்துக்காகத் தடைசெய்யப்பட்டிருப்பார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டோம். "கூப்பிட்டு மரியாதை பண்றாங்க சார். குறை சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு இருந்துட்டேன்" என்றார்.

பணத்தைப் பற்றிக் கேட்டபோது விடுதி அறையைத் திறந்து காட்டினார். மேடையில் படம் எடுக்கக் கொடுத்த ஆளுயர அட்டைக் காசோலைகள் மூன்று, அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்தன. ஒன்று வாசலில் நுழையாததால் பாதியில் மடித்திருந்தார்கள். அந்த நான்கு மாதத்தில் வங்கிக் கணக்குக்கு வந்தது 100-க்கு 18. தனியார் நிறுவனம் ஒன்று சொன்ன 15, பரிசே அல்ல. ஒரு வருடம் விளம்பரத்தில் நடித்தால்தான் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. வீடு அரங்கிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருந்தது. பத்திரமும் ஆகவில்லை.

வேலை விஷயம் இன்னும் மோசம். கௌரவமான பதவிதான், சந்தேகமில்லை. ஆனால் சேர்ந்ததும் இரண்டு மாதம் துறைப் பயிற்சி, அதன்பின் தினமும் வருகைப் பதிவு. போட்டி நாட்களுக்கு மட்டும் சிறப்பு விடுப்பு உண்டு. பயிற்சி முகாமுக்கு விடுப்பு தர விதியில் இடமில்லை. குறிப்பிட்ட தேதிக்குள் சேராவிட்டால் ஆணை ரத்தாகும் என்றும் எழுதியிருந்தது. பளுதூக்கியதற்காகக் கொடுத்த வேலையில் உட்கார்ந்தால் பளுதூக்க முடியாது என்பதுதான் நிலை.

பேசி முடித்துக் கிளம்பும்போது, அதுவரை தனக்காக ஒன்றும் கேட்காதவர் ஒரு கேள்வி கேட்டார்: "எங்க மாஸ்டருக்கு என்ன சார் கொடுத்தீங்க?" அவர் கேட்டது முதல் ஆசிரியரைப் பற்றி. கோப்பைப் பார்த்தோம். பயிற்சியாளருக்கான ஊக்கத்தொகை முழுவதும் தேசிய முகாமின் தலைமைப் பயிற்சியாளருக்குப் போயிருந்தது. யாரும் சதி செய்யவில்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘பயிற்சியாளர் பெயர்’ என்று ஒரே ஒரு கோடுதான் இருந்தது. ஒரு கோட்டில் ஒரு பெயர்தான் எழுத முடியும்.

அந்த ஆசிரியரைத் தேடிப்போய்ப் பார்த்தோம். 12 வயதிலிருந்து அந்தப் பெண் தூக்கிய ஒவ்வொரு எடையையும் தேதி போட்டு எழுதிய ஐந்து நோட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார். முதல் பக்கத்தில், வெறும் மூங்கில் கழியை வைத்து மூன்று மாதம் பழகியதற்கான குறிப்பு. "எடை ஏத்தச் சொல்லி அழும், நான் ஏத்த மாட்டேன்" என்றார். பரிசைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

குழுவில் நடந்த வாதம்

எங்கள் மூவருக்கும் ஒரே கருத்து இருக்கவில்லை. மூத்த உறுப்பினர், பணம் விளையாட்டைக் கெடுக்கும், பதக்கமும் பட்டமும் போதும் என்றார். அந்த நினைப்பு எவ்வளவு கொடுமை செய்திருக்கிறது என்பதற்கு அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தோர்ப்பைவிட வேறு சாட்சி வேண்டாம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். விளையாடிக் காசு வாங்கியவர்கள் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்று அப்போது விதி இருந்ததால், சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்று அடுத்த வருடமே பதக்கங்களைப் பறித்தார்கள். அவர்தான் தனி வெற்றியாளர் என்று முழுமையாக ஒப்புக்கொள்ள 2022 ஆனது. அவர் இறந்தது 1953-ல்.

மற்றொரு உறுப்பினரின் வாதம் கனமானது. பதக்கத்துக்குப் பணம் கொடுக்காத நாடுகளும் ஜெயிக்கின்றன என்றார். நார்வேயும் பிரிட்டனும் ஒலிம்பிக் தங்கத்துக்கு ரொக்கப் பரிசு தருவதில்லை. 1996 அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பிய பிரிட்டன், 1997 முதல் தேசிய லாட்டரிப் பணத்தை வீரர்களின் பயிற்சிக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் திருப்பியது. 2016 ரியோவில் 27 தங்கம், பட்டியலில் இரண்டாம் இடம். ஜெயித்த பிறகு கொட்டுவதைவிட ஜெயிப்பதற்கு முன்னால் கொடுப்பதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. எனக்கும் பெருமளவு அதில் உடன்பாடுதான். ஆனால் முன்னால் ஒன்றுமே கொடுக்காத ஒரு நாடு, பின்னாலும் கொடுக்காமல் இருக்க இதைக் காரணம் காட்டக் கூடாது. இந்தப் பெண்ணின் குடும்பம் 11 வருடம் கடன் வாங்கி அவருக்குச் சத்தாகச் சாப்பாடு போட்டிருக்கிறது. நாடு செய்ய வேண்டிய செலவு அது. பரிசுத் தொகையில் ஒரு பகுதி, உண்மையில், அந்தப் பழைய பாக்கி.

எவ்வளவு கொடுப்பது என்பதைவிட எப்போது முடிவு செய்வது என்பதுதான் பெரிய கேள்வி என்று எனக்குப் பட்டது அப்போதுதான். பண்டைக் கிரேக்கத்தில், சட்டம் இயற்றிய சோலோன் காலத்து ஏதென்ஸில், ஒலிம்பிக் வெற்றியாளருக்கு 500 திராக்மா (அந்நாட்டு நாணயம்), இஸ்த்மிய விளையாட்டு என்ற இன்னொரு போட்டியின் வெற்றியாளருக்கு 100 என்று சட்டமாகவே எழுதிவைத்திருந்ததாகப் பழைய குறிப்பு உண்டு. தொகை சரியா தவறா என்பது வேறு. ஓடுகிறவனுக்கு ஓடுவதற்கு முன்பே அது தெரியும். சிங்கப்பூரிலும் இன்ன போட்டியில் இன்ன பதக்கத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அட்டவணை இருக்கிறது. உலக தடகள அமைப்பு 2024 பாரிஸ் தங்கத்துக்கு 50,000 டாலர் என்று அறிவித்ததும் போட்டிக்கு முந்தைய ஏப்ரலிலேயே. மேடையில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும் தொகை, சொல்கிறவருடைய பெருமைக்குத்தான். விதியில் எழுதிய தொகைதான் வீரருடைய உரிமை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. பாராட்டு விழாக்களை அன்றே நிறுத்தினோம். இனி மாதத்துக்கு ஒரு நாள், அதுவும் பயிற்சியாளர் குறித்துத் தரும் நாளில். இருப்பிடத் தகவலைப் பார்த்துக்கொள்ள முகாமிலேயே ஒருவரைப் பொறுப்பாக்கினோம். பதிவு செய்ய வேண்டிய கடமை சட்டப்படி வீராங்கனையுடையதுதான், அதை மாற்ற முடியாது. ஆனால் தினமும் இரவு 8 மணிக்கு ஒருவர் ஞாபகப்படுத்தலாம் அல்லவா.

ஏழு அறிவிப்புகளையும் ஒரே கடிதத்தில் திரட்டி, யார், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, அறிவித்தவர்களிடம் கையெழுத்துக் கேட்டோம். ஐந்து பேர் போட்டார்கள்.

பயிற்சியாளர் பங்கில் நீண்ட நேரம் நின்றோம். சிங்கப்பூரில் பரிசுத் தொகையில் 20 விழுக்காட்டை வீரர் தன் விளையாட்டுச் சங்கத்தின் பயிற்சிப் பணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதுபோல இங்கேயும் வீராங்கனையின் தொகையிலிருந்து பிடிக்கலாம் என்று யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டியது நாடு, அந்தச் செலவைப் பெண்ணின் தலையில் கட்டக் கூடாது. கடைசியில், வீராங்கனையின் தொகைக்கு மேல் 20 விழுக்காடு தனியாக ஒதுக்கி, அடித்தளம் போட்டவருக்குப் பாதி, உச்சத்துக்குக் கொண்டுவந்தவருக்குப் பாதி என்று முடிவு செய்தோம். ஏற்கெனவே கொடுத்த தொகை தலைமைப் பயிற்சியாளரின் பாதியில் கழிக்கப்பட்டது. அவர் இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை.

வேலையைப் பொறுத்தவரை, ஆணையை ரத்து செய்யாமல், பணியில் சேர்ந்ததாகக் கொண்டு, முகாமிலேயே பணியாற்றுவதாகக் காட்டச் சொன்னோம். துறைப் பயிற்சி, விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. சம்பளம் இன்றிலிருந்து.

ஒரு முடிவில் நாங்கள் தவறினோம். தொகையில் 60 விழுக்காட்டைப் பத்து வருட வைப்புநிதியில் போட்டு, மாதாமாதம் வட்டி மட்டும் தருவது என்று அவரைக் கேட்காமலே எழுதினோம். ஹங்கேரியில் ஒலிம்பிக் பதக்கக்காரர்களுக்கு 35 வயதுக்கு மேல் வாழ்நாள் முழுக்க உதவித்தொகை உண்டு. தென்கொரியாவில் மாத ஓய்வூதியம் உண்டு. அதையெல்லாம் பார்த்துத்தான் செய்தோம், நல்லெண்ணத்தில்தான். கடிதத்தைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "என் பணத்த நீங்க பூட்டி வெச்சா அது பரிசா சார்? எங்கப்பா கடனுக்கு வட்டி கட்டிக்கிட்டு இருக்காரு." எங்களிடம் பதில் இல்லை. ஓய்வூதியம் என்பது பரிசுக்கு மேல் நாடு தருவது. கொடுத்த பரிசைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்கு ஓய்வூதியம் என்று பெயர் வைக்க முடியாது. அந்தப் பத்தியை அன்றே அடித்துவிட்டோம். நிதி ஆலோசகர் ஒருவரை மட்டும் ஏற்பாடு செய்து கொடுத்தோம். கடனை அடைத்தார், அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்தார், மீதியில் பெரும்பகுதியை வைப்புநிதியில் போட்டார். ஏறக்குறைய நாங்கள் சொன்ன அளவுதான் அது. ஆனால் போட்டது அவர்.

மாற்றுத்திறனாளி வீரருக்கும் அதே தொகை தர வேண்டும் என்று மூவரும் ஒருமனதாக எழுதினோம். அமெரிக்க ஒலிம்பிக் குழு 2018-லேயே ஒலிம்பிக், பாராலிம்பிக் பதக்கங்களுக்கு ஒரே பரிசு என்று ஆக்கிவிட்டது. இதில் எங்களுக்குள் வாதமே இல்லை.

பின்னர் நடந்தது

பழைய வலுவுக்குத் திரும்ப எட்டு மாதம் பிடித்தது. வெற்றிக்குப் பிறகு 15-ம் மாதம் நடந்த உலகப் போட்டியில் நான்காம் இடம். அன்றைக்கு அவரைக் கேலி செய்து எழுதியவர்கள், முதல் மூன்று மாதம் அவரை மேடை மேடையாக இழுத்தவர்களில் சிலர்தான். இதை இங்கே பதிவுசெய்தே ஆக வேண்டும். 24-ம் மாதம் வெள்ளி வென்றார். இருப்பிடத் தகவல் மூன்றாவது முறை தவறவில்லை. முதல் தவறு 12 மாதம் கடந்து கணக்கிலிருந்து விலகிய நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தார்.

26 மாத முடிவில் கைக்கு வந்தது 100-க்கு 83. ஒரு நிறுவனம் கொடுத்தது. விளம்பர ஒப்பந்தம் கேட்ட நிறுவனம் சத்தமில்லாமல் விலகிக்கொண்டது. வீடு அப்படியே நிற்கிறது. வேலை ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது.

முதல் ஆசிரியர் தன் பங்கில் இரண்டு பாரும், ரப்பர் தட்டுகளும், தரைக்கு மரப்பலகையும் வாங்கிக் கொட்டகையில் போட்டார். அவருடைய சொந்தச் செலவுக்கு என்று கொடுத்த பணம் அது. அவரிடம் சண்டை போட்டேன். பயனில்லை.

மாற்றுத்திறனாளி வீரருக்கான சமத்தொகை ஒன்பது மாதம் கழித்து ஆணையானது. ஆனால் ஆணை வெளியான தேதியிலிருந்துதான் செல்லும் என்று எழுதிவிட்டார்கள். அடுத்து ஜெயிக்கிறவருக்குக் கிடைக்கும். யாருடைய பதக்கத்தால் அந்த ஆணை வந்ததோ, அவருக்கு அதே 6.

மறுபடி செய்வதானால்

குழுவை நான்காம் மாதம் அமைத்தது தாமதம். அணி போட்டிக்குக் கிளம்புவதற்கு முன்பே தொகை, தேதி, பயிற்சியாளர் பங்கு, வேலையின் நிபந்தனை எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். தனியார் பரிசு தர விரும்பினால் அதே கணக்குக்குப் பணத்தைச் செலுத்திவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும். ஊர் திரும்பும் அன்று ஒரே ஒரு பெரிய விழா, அதன்பின் இரண்டு வாரம் வீட்டில் ஓய்வு, அப்புறம் பயிற்சி. மக்கள் அவரைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். அரங்கின் கதவை மாதம் ஒரு நாள் திறந்துவைத்தால், மாலையோடு நிற்பதைவிட நன்றாக, பாரோடு நிற்பதைப் பார்க்கலாம்.

வீராங்கனையை முதல் கூட்டத்திலேயே உட்காரவைத்திருப்பேன். அது ஒன்றாலேயே வைப்புநிதித் தவறு தவிர்ந்திருக்கும்.

பரிசு விண்ணப்பப் படிவத்தில் இப்போது பயிற்சியாளர் பெயருக்கு நான்கு கோடுகள் இருக்கின்றன. எந்த வயதிலிருந்து எந்த வயது வரை என்று எழுத இடமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளி வீரரின் நிலுவைக் கோப்பு இன்னும் நிதித்துறையில்தான் இருக்கிறது. மூன்றாவது நினைவூட்டலைப் போன மாதம் அனுப்பினோம்.